ஸ்கொட்லாந்துத் தீவும் நோர்வூட் பங்களாவும்

விடுமுறை என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருவது கடற்கரை, மிருகக்காட்சிசாலை, கடைத்தொகுதி ஆகியவையே. ஆனால் இன்று வேறொரு வகை விடுமுறையைத் தேடி அலையும் மக்கள் உலகெங்கும் பெருகி வருகின்றனர். அவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் தேவையில்லை. சனநெரிசல் இல்லாத, தொலைபேசி அதிகம் ஒலிக்காத, மழையைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பைத் தேநீர் அருந்தக்கூடிய ஓர் இடம் இருந்தால் போதும். ஐரோப்பியர் பலர் இதற்காக ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளை நாடுகின்றனர். கல்லால் கட்டிய சிறு வீடு, உள்ளே கணப்படுப்பு, வெளியே மூடுபனி, மேய்ந்து திரியும் செம்மறி ஆடுகள், அதற்கப்பால் கடல். இதுதான் அந்த விடுமுறையின் முழு வர்ணனையும்.

இந்த வர்ணனையில் கடல் இருக்கும் இடத்தில் நீர்த்தேக்கத்தையும் செம்மறி ஆடுகளின் இடத்தில் தேயிலைச் செடிகளையும் வைத்துப் பாருங்கள். அது எங்கள் ஊரான நோர்வூட்டின் வர்ணனையாகிவிடும். அதே கணப்படுப்பு, அதே மூடுபனி, அதே தேநீர் எல்லாம் இங்கும் உண்டு. மலைமுகட்டில் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாகியுள்ளன. அவற்றைத் தேடி ஸ்கொட்லாந்திலிருந்தே விருந்தாளிகள் வருகின்றனர் என்றால் அதில் வியப்பில்லை. ஏனெனில், ஒருவகையில் அவர்கள் தமது முன்னோர் கட்டிய வீட்டுக்கே திரும்பி வருகின்றனர்.

அந்தப் பங்களாக்கள் இங்கு எப்படி வந்தன, அங்கு கிடைக்கும் அமைதி யாரால் உண்டாகிறது, தூரத்தீவுகளின் மக்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்கள் சொல்லும் வரலாறு

மலையகத்தில் பஸ்ஸில் பயணம் செய்யும்போது தோட்டங்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தால், ஸ்கொட்லாந்தின் தேசப்படத்தை வாசிப்பது போலவே இருக்கும். டிக்கோயாப் பக்கத்தில் டன்கெல்ட், மஸ்கெலியாப் பக்கத்தில் ஸ்ட்ராத்ஸ்பே, தலவாக்கலையில் ஹோலிரூட், லோகி, அக்கரப்பத்தனையில் பல்மோரல், கிளன்லையன், வேவர்லி. இவற்றுள் டன்கெல்ட் என்பது டே நதிக்கரையிலுள்ள ஒரு சிறு நகரம். ஹோலிரூட் எடின்பரோவிலுள்ள அரச மாளிகை. வேவர்லி, சேர் வோல்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவலின் பெயர். ஸ்கொட்லாந்தின் பழைய மொழியாகிய கேலிக்கில் 'ஸ்ட்ராத்' என்றால் அகன்ற பள்ளத்தாக்கு, 'கிளன்' என்றால் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. எல்லாப் பெயர்களும் ஸ்கொட்லாந்துக்குரியவை அல்ல. நோர்வூட் லண்டனின் தென்பகுதியிலுள்ள ஓர் இடத்தின் பெயர். காசல்ரீ வட அயர்லாந்துக்குரியது.

ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவது மனித இயல்பு. இலங்கைத் தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லர் 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 1852இல் அவர் இலங்கைக்கு வந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அதாவது, இக்கட்டுரையை எழுதும் என்னைவிட ஒரு வயது இளையவர்! 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தொழிக்க, தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினர். 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டியது. அதன்பின் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகள் முழுவதும் பச்சை நிறமாயின. டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்தின் கல்லறைகளில் அக்காலத் தோட்டத் துரைமாரின் பெயர்களை இன்றும் வாசிக்கலாம்.

பெயர்ப்பலகைகளில் இடம்பெறாத இன்னொரு பயணமும் உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காடுகள் வழியாக நடந்து வந்து, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் மலையைத் திருத்திய மக்களின் பயணமே அது. அதன் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்று முன்னோரை நினைவுகூர்ந்தனர். அவர்களும் தமது ஊர்களை மனதில் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். ஆனால் தோட்டங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை.

பங்களாவும் லயமும்

துரை பங்களா எப்போதும் உயரமான ஓர் இடத்திலேயே கட்டப்பட்டது. இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, அங்கிருந்து பார்த்தால் தோட்டத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, நல்ல காற்றும் ஊற்று நீரும் கிடைக்கும். மூன்றாவது, குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள் தமது நாட்டின் நினைவாக ஒரு வீட்டை அமைத்துக்கொள்ள விரும்பினர். எனவேதான் வெப்ப நாட்டில் கணப்படுப்பும் புகைபோக்கியும் தோன்றின. முன்னே நீண்ட விறாந்தை, அதற்கு முன்னே புற்றரை, ரோசாப் பாத்திகள், பின்புறம் சற்று விலகி சமையலறை என்பன பங்களாவின் பொதுவான அமைப்பாகும்.

தொழிலாளரின் லயங்கள் பெரும்பாலும் சரிவிலோ பள்ளத்திலோ அமைந்தன. தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, முன்னால் ஒரு சிறு திண்ணை. பல லயங்களில் இவ்வறைகள் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்டன. பங்களாவின் விறாந்தையிலிருந்து நோக்கும்போது லயம் தூரத்தில் ஒரு கோடு போலத் தெரியும். லயத்தின் திண்ணையிலிருந்து நோக்கும்போது பங்களாவின் புகைபோக்கி மட்டும் தெரியும். ஒரே மலையின் இரு காட்சிகள் இவை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் வழங்கப்பட்டது. காலப்போக்கில் பல பங்களாக்கள் வெறுமையாகின. 2005ஆம் ஆண்டில் 'சிலோன் டீ ட்ரெய்ல்ஸ்' என்ற பெயரில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழவுள்ள பழைய பங்களாக்கள் விடுதிகளாகத் திறக்கப்பட்டன. நோர்வூட், காசல்ரீ, சமர்வில், டியன்ட்சின் என்பன அவற்றின் பெயர்கள். பின்னர் டன்கெல்ட் பங்களாவும் சேர்ந்துகொண்டது. இன்று குறைந்த செலவில் தங்கக்கூடிய சிறு விடுதிகளும் வீடுகளும் இப்பகுதியில் உண்டு. எங்கள் ஊர் இளைஞர்கள் சிலருக்குச் சமையல், வாகனம் ஓட்டுதல், வழிகாட்டுதல் போன்ற தொழில்கள் இதனால் கிடைத்துள்ளமையை மறுக்க முடியாது. அதேவேளை, ஆடம்பரப் பங்களா ஒன்றில் ஓர் இரவு தங்குவதற்கான கட்டணம், ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் சில மாதச் சம்பளத்திலும் அதிகம் என்பதையும் மறைக்க முடியாது.

நீருக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு

விருந்தாளிகள் பங்களாவிலிருந்து கண்டு மகிழும் 'ஏரி' இயற்கையானதன்று. கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கமே அது. நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியவர் பொறியியலாளர் டீ.ஜே. விமலசுரேந்திர ஆவார். 1965இல் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாற் மின்நிலையம் அவரது பெயரையே தாங்கி நிற்கிறது. காசல்ரீயிலிருந்து இறங்கும் நீர் அந்நிலையத்தைச் சுழற்றிவிட்டு லக்ஷபான, பொல்பிட்டிய என அடுத்தடுத்த நிலையங்களையும் சுழற்றுகிறது. பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பைச் சென்றடைகிறது. தலைநகரில் குழாயைத் திறப்பவரின் கோப்பையிலும் எங்கள் மலையின் மழைத்துளி இருக்கிறது.

இத்தகைய நீர்த்தேக்கங்களுக்காகப் பள்ளத்தாக்கு நிலங்கள் நீரில் மூழ்கின. அயலிலுள்ள மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிப்போனது. கடும் வரட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் வெளியே தெரிகின்றன. அவற்றைப் பார்க்க மக்கள் திரளுகின்றனர். முதியவர்கள் மட்டும் "இதுதான் நாங்கள் நடந்த தெரு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர்.

அமைதிக்குப் பின்னாலுள்ள உழைப்பு

எங்கள் ஊருக்கு வருபவர்கள் அடிக்கடி கூறும் வார்த்தை ஒன்று உண்டு. "இப்படி அமைதியான இடத்தில் வாழ்கிறீர்களே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்பதே அது. உண்மைதான். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காற்றும் நீரும் இறைவன் எமக்களித்த அருட்கொடைகள். ஆயினும் விருந்தாளி காணும் அந்தக் காட்சியில் இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதக் கரங்களின் பங்கு எவ்வளவு என்பதைச் சிந்திக்க வேண்டும்.

தேயிலை உண்மையில் ஒரு மரம். தொடாமல் விட்டால் அது வீட்டுக் கூரையையும் தாண்டி வளரும். அது இடுப்பளவு உயரத்தில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் நிற்பதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும் ஆண்களும் வாராவாரம் மட்டக்கம்பை வைத்துப் பார்த்து ஒரே மட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுமே. அந்தக் கரங்கள் சில ஆண்டுகள் ஓய்ந்துவிட்டால் கம்பளம் காடாகிவிடும். கைவிடப்பட்ட மலைகளில் இன்று நாம் காண்பது அதைத்தான்.

விருந்தாளி கண்விழிக்கும் முன்பே ஊர் விழித்துவிடும். முற்காலத்தில் தப்பு அடித்து ஆட்களை எழுப்பினார்கள். இன்று கைத்தொலைபேசி அந்த வேலையைச் செய்கிறது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்திவிட்டுத் தாய்மார் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். நண்பகலிலும் மாலையிலும் கொழுந்து நிறுக்கப்படும். ஊர் உறங்கிய பின்னும் தொழிற்சாலையில் விளக்கு எரியும். பரப்பிய கொழுந்து இரவு முழுவதும் வாட, விடியுமுன்னே அதை உருட்டும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும். விருந்தாளி கண்விழித்து விறாந்தைக்கு வரும்போது காற்றில் மிதந்து வரும் இனிய வாசனை அங்கிருந்தே வருகிறது. அவருக்கு அது விடுமுறையின் வாசனை. உள்ளே நிற்பவருக்கு அது இரவு வேலையின் வாசனை.

'தொலைதூரம்' என்ற சொல்லையும் இவ்வாறே நோக்கலாம். விருந்தாளிக்குத் தூரம் ஒரு சுகம். அவர் விரும்பி வந்து, விரும்பியபோது திரும்பிவிடுவார். மேல்டிவிசனில் இரவு பத்து மணிக்குப் பிரசவ வலி கண்ட தாய்க்குத் தூரம் ஒரு சுகமன்று. மழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும்போது, நாலாவது வரிசை லயத்துப் பாட்டிக்கும் அது சுகமன்று.

இரண்டு தீவுகளின் பாடம்

இந்த இடத்தில் ஸ்கொட்லாந்துத் தீவுகளிடம் திரும்பிச் செல்வோம். அங்கு 790 அளவில் தீவுகள் உண்டு. அவற்றில் நூற்றுக்கும் குறைவானவற்றிலேயே மக்கள் வாழ்கின்றனர். ஏனையவற்றுள் சில ஏன் வெறுமையாகின? பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலவுடைமையாளர் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றினர். பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறிக் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். நீண்ட போராட்டத்தின் பின்னர் 1886இல் இயற்றப்பட்ட சட்டமொன்றே, தாம் பயிரிட்ட சிறு நிலத்திலிருந்து வெளியேற்றப்படாமல் வாழவும் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் அவர்களுக்கு உரிமையளித்தது.

அட்லாண்டிக் சமுத்திரத்தில் தனித்து நிற்கும் சென். கில்டா ஒரு பாடத்தைத் தருகின்றது. நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்த தீவு அது. இளைஞர்கள் வெளியேறினர்; நோய் வந்தபோது வைத்தியர் எட்டவில்லை; பயிர் பொய்த்தது. ஈற்றில், எஞ்சியிருந்த 36 பேரும் தம்மை வெளியேற்றும்படி தாமே வேண்டிக்கொண்டனர். 1930 ஓகஸ்ட் 29ஆந் திகதி அவர்கள் கப்பலேறினர். இன்று அது உலக மரபுரிமைச் சின்னம். பறவைகளும் கூரையில்லாக் கல்வீடுகளும் அங்கு உள்ளன. அங்கு செல்பவர்கள் அதன் அமைதியை வியக்கின்றனர். ஆனால் அது ஊரார் போய்விட்டதால் உண்டான அமைதி.

எக் என்னும் சிறு தீவு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமான அத்தீவு, கைக்குக் கை மாறிய தனியார் உடைமையாக இருந்தது. தாம் வாழும் வீட்டில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதுகூட அங்குள்ளோருக்கு நிச்சயமில்லை. அவர்கள் ஒன்றுகூடி, உலகெங்குமிருந்து நன்கொடை திரட்டி, 1997 ஜூன் 12ஆந் திகதி ஓர் அறக்கட்டளை மூலம் தீவையே வாங்கிவிட்டார்கள். அப்போது அங்கு வாழ்ந்தோர் சுமார் 65 பேர். இன்று அத்தொகை நூறைத் தாண்டிவிட்டது. 2008இல் நீர், காற்று, சூரியன் ஆகிய மூன்றையும் இணைத்து இரவு பகலாகத் தமக்கே மின்சாரம் உற்பத்தி செய்தனர். எல்லோருக்கும் போதுமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது எனத் தாமே விதி வகுத்துக்கொண்டனர். வருகையாளர் தமது வாகனங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகேற வேண்டும். அங்கும் அமைதி உண்டு. ஆனால் அது ஊரார் நிலைபெற்றதால் உண்டான அமைதி. விருந்தாளி வருகிறார், மகிழ்கிறார், செல்கிறார். வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவே இருக்கிறார்.

எமக்கு எந்த அமைதி?

மலையகத்தின் நிலை இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது எனலாம். எமது இளைஞர்களில் பலர் கொழும்பின் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுகொண்டிருக்கின்றனர். லயங்களில் முதியோரும் பிள்ளைகளும் எஞ்சுகின்றனர். 1948இல் பறிபோன பிரசாவுரிமையை முழுமையாக மீட்டெடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்றும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்குத் தாம் தலைமுறைகளாக வாழும் இடத்துக்குக் காணி உறுதி இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் சில இடங்களில் நிறைவேறியுள்ளது. 2017 மே 12ஆந் திகதி எங்கள் நோர்வூட் மைதானத்துக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மேலும் பத்தாயிரம் வீடுகளுக்கு உதவி வழங்கப்படும் என அறிவித்தார். தேவையோ அதனிலும் பன்மடங்கு பெரிது.

நான் தோட்டத்தில் பிறந்தவளல்லள். நகரத்துக் கடைவீதியில் வளர்ந்தவள். ஆயினும் மலையில் சம்பளம் கிடைக்கும் நாளில்தான் கடைவீதியில் விளக்கு எரியும் என்பதை அறிவேன். தோட்டம் வெறுமையானால் நகரமும் வெறுமையாகும். வகுப்பில் என்னோடு அமர்ந்திருந்த தோழியர் சிலர் சாதாரண தரத்தோடு நின்று கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய வீடு அவர்களுக்குச் சொந்தமாக இருந்திருந்தால், ஒரு காய்கறித் தோட்டமோ ஒரு விருந்தினர் அறையோ அமைத்து ஊரிலேயே வாழ வழி பிறந்திருக்கும் என்று எண்ணுகிறேன். சுற்றுலா வருமானம் பங்களாவின் வாசலோடு நின்றுவிடாமல் லயத்தின் வாசலுக்கும் வருவதற்கு அதுவே முதற்படி.

விருந்தாளியாக வருவோருக்கு

இதை வாசிக்கும் பெற்றோர் சிலர் அடுத்த விடுமுறைக்கு எங்கள் பக்கம் வர விரும்பக்கூடும். தாராளமாக வாருங்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு. வானம் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் பலத்த மழையை எதிர்பார்க்க வேண்டும். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை பாவாத மலை யாத்திரைக் காலமாதலால் ஹற்றன் வீதியில் நெரிசல் அதிகம். கொழும்பு கோட்டையிலிருந்து ஹற்றன் வரை புகையிரதத்தில் வந்து, டிக்கோயா வழியாக பஸ்ஸில் நோர்வூட்டை அடையலாம். கம்பளி உடுப்பு அவசியம். மழைக்காலமாயின் அட்டைக் கடிக்கு உப்போ எலுமிச்சையோ கொண்டு வாருங்கள். ஹலால் உணவு குறித்து விடுதியில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இவற்றோடு சில வேண்டுகோள்களும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிக்குமுன் அனுமதி கேளுங்கள். அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர், வேலையில் இருப்பவர்கள். மரக்கறியும் பாணும் கொழும்பிலிருந்து கட்டிக்கொண்டு வராமல் எங்கள் நகரக் கடைகளில் வாங்குங்கள். நீர்த்தேக்கக் கரையில் பிளாஸ்டிக்கை வீசாதீர்கள். அந்நீரை நீங்களே குடிக்கப் போகிறீர்கள். பாட்டுப் பெட்டியைச் சத்தமாக ஒலிக்க விடாதீர்கள். அதிகாலை எழ வேண்டியவர்கள் சரிவில் உறங்குகிறார்கள். பிள்ளைகளோடு வந்தால், பங்களாவையும் லயத்தையும் இரண்டையும் காட்டி இரண்டின் கதையையும் சொல்லுங்கள்.

அமைதியைத் தேடி ஓர் ஊருக்குச் செல்வது தவறன்று. அந்த ஊரின் மக்கள் நாளையும் அங்கேயே மகிழ்ச்சியோடு வாழ்ந்தால்தான் அது விருந்தாளிக்கும் நிலைக்கும். சென். கில்டாவில் இன்று விருந்தாளியை வரவேற்கக் கதவு திறக்க ஒரு வீட்டுக்காரரும் இல்லை. எக் தீவில் வீட்டுக்காரர் துறையிலேயே வந்து நிற்கிறார். நோர்வூட்டின் தேயிலை மலைகளிலும், தமது பெயரிலேயே உறுதி எழுதப்பட்ட வீடுகளின் வாசலில் நின்று எங்கள் மக்கள் விருந்தாளிகளை வரவேற்கும் நாள் விரைவில் வரவேண்டும், இன்ஷா அல்லாஹ்.

*க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு*